துப்புரவுப் பொறுப்பும் அரசுக் கணக்கும்

அகத்திய மலையில் தோன்றும் நெய்யாறு ஏறத்தாழ 56 கிலோமீட்டர் ஓடிப் பூவாறு என்னும் ஊருக்கு அருகே அரபிக் கடலில் கலக்கிறது. அணையைக் கடந்து நெய்யாற்றின்கரை நகரை நோக்கி வரும் வழியில் அது தொட்டுச் செல்லும் ஊராட்சிகளுள் ஒற்றசேகரமங்கலமும் ஒன்று. பாறசாலையையும் நெய்யாற்றின்கரையையும் ஒட்டிய இந்த எல்லைப் பகுதியில் மலையாளமும் தமிழும் அருகருகே வழங்குகின்றன. மாநில எல்லை 1956இல் வகுக்கப்பட்டது. ஆற்றுக்கும் நிலத்தடி நீருக்கும் அந்த எல்லை தெரியாது.

இந்த ஆற்றில் பல்லாண்டுகள் மணல் அள்ளப்பட்டது. அளவுக்கு மீறி மணல் எடுத்த இடங்களில் படுகை தாழ்ந்தது, கரை சரிந்தது, ஆற்றோரக் கிணறுகளில் கோடைக்கால நீர்மட்டம் இறங்கியது. இக்கேடுகளைக் கட்டுப்படுத்தவே கேரளச் சட்டமன்றம் 2001ஆம் ஆண்டில் ஆற்றங்கரைப் பாதுகாப்பு மற்றும் மணல் அள்ளுதல் ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. மணல் விற்பனையால் ஊராட்சிக்குக் கிடைக்கும் தொகையில் பாதி, மாவட்ட ஆட்சியர் பராமரிக்கும் ஆற்று மேலாண்மை நிதியில் சேர வேண்டும் என்று அச்சட்டம் வகை செய்தது. கேடு விளையும்போதே அதைச் செப்பனிடுவதற்கான பணத்தையும் எடுத்து வைக்க வேண்டும் என்ற கருத்து சட்டத்தில் இடம் பெற்றது நல்ல தொடக்கம் என்பதில் ஐயமில்லை.

எனினும் அந்த நிதியில் சேர்வது விற்ற மணலின் மதிப்பைப் பொறுத்த தொகை. சரிந்த கரையைக் கட்ட எவ்வளவு தேவை என்பது வேறொரு தொகை. திருட்டுத்தனமாக இரவில் ஏற்றிச் செல்லப்பட்ட மணலால் நிதிக்கு ஒரு காசும் சேரவில்லை. கரைக்கு நேர்ந்த சேதம் மட்டும் குறையவில்லை. முதல் தொகை கணக்கேட்டில் இருக்கிறது. இரண்டாவது தொகையை எழுதுவதற்கு ஏடே இல்லை. அரசு அமைப்புகளின் துப்புரவுப் பொறுப்பு என்னும் பிரச்சினையின் முழு உருவத்தையும் இச்சிறு ஆற்றங்கரையிலேயே காணலாம்.

பணம் கைமாறினால்தான் கணக்கா?

நச்சுக் கழிவு தேங்கிய நிலம், மலைபோல் குவிந்த நகரக் குப்பை, கைவிடப்பட்ட கல்குவாரி, காலாவதியான பூச்சிமருந்து நிறைந்த கிடங்கு ஆகியவை ஒரு வகையில் கடன்களே. இன்று தராவிட்டாலும் என்றோ ஒருநாள் பொதுப் பணத்திலிருந்து தந்தே தீர வேண்டிய கடன்கள் அவை. வங்கியில் வாங்கிய கடன் பற்றி எந்த அரசும் மறந்துவிடுவதில்லை. வட்டி கட்டும் நாள் அதை நினைவூட்டுகிறது. துப்புரவுக் கடனுக்கு நினைவூட்டும் நாள் இல்லை. கிணற்று நீரின் நிறம் மாறும்போதுதான் அது தெரிய வருகிறது.

மத்திய, மாநில அரசுகளின் கணக்குகள் ரொக்க அடிப்படையில் எழுதப்படுகின்றன. பணம் வந்தால் வரவு, போனால் செலவு. எளிமையானது, மோசடியைக் கண்டுபிடிக்க வசதியானது, சட்டமன்றம் அனுமதித்த தொகைக்கு மேல் செலவாகவில்லை என்று உறுதி செய்ய ஏற்றது. இக்காரணங்களால் இம்முறை நீண்ட காலமாக நிலைத்துள்ளது. ஆனால் நிகழ்ந்துவிட்ட ஒரு கேட்டுக்காக எதிர்காலத்தில் தர வேண்டிய தொகைக்கு இதில் இடமில்லை. நிகழ்வு அடிப்படை என்னும் மற்றொரு முறை, பணம் எப்போது கைமாறுகிறது என்று பாராமல், கடமை எப்போது உண்டானது என்று பார்த்து எழுதுகிறது. வணிக நிறுவனங்கள் கையாளும் முறை இதுவே.

வியப்புக்குரியது என்னவெனில், இந்த வகையில் கிராம ஊராட்சி மாநில அரசைவிட ஒருபடி முன்னே நிற்கிறது. கேரளத்தில் 2011ஆம் ஆண்டின் ஊராட்சிக் கணக்கு விதிகள், கிராம ஊராட்சிகளை நிகழ்வு அடிப்படையிலான இரட்டைப் பதிவு முறைக்கு மாற்றின. ‘சாங்க்யா’ என்னும் கணினி மென்பொருளில் பதிவுகள் செய்யப்பட்டு வந்தன. ஆகவே ஒற்றசேகரமங்கலம் போன்ற ஊராட்சிக்கு ஆண்டுதோறும் இருப்புநிலைக் குறிப்பு உண்டு. சொத்துகள் ஒரு பக்கம், பொறுப்புகள் மறுபக்கம். துப்புரவுப் பொறுப்பை எழுத அங்கே இடம் தயாராக இருக்கிறது. திருவனந்தபுரத்திலுள்ள தலைமைச் செயலகத்துக்கும் புதுதில்லிக்கும் அந்த வசதி இன்னும் கிட்டவில்லை.

ஓர் எடுத்துக்காட்டால் இதை விளக்கலாம். ஓர் ஊராட்சியின் புறம்போக்கு நிலத்தில் 10,000 டன் பழைய குப்பை கிடப்பதாகக் கொள்வோம். அதைத் தோண்டிச் சலித்து, மண்ணையும் நெகிழியையும் கல்லையும் பிரித்து அகற்ற டன்னுக்கு 550 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொண்டால், மொத்தச் செலவு 55 லட்சம். தூய்மை இந்தியா நகர்ப்புற இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தில் திட்டமிடுவதற்காக எடுத்துக்கொள்ளப்பட்ட விகிதமே இது. ரொக்க முறையில் இவ்வாண்டு பதிய ஒன்றுமில்லை. நிகழ்வு முறையிலோ 55 லட்சம் இவ்வாண்டின் செலவாகவும், அதே தொகை ‘துப்புரவுக்கான ஏற்பாடு’ என்ற பெயரில் பொறுப்பாகவும் பதியப்படும். அடுத்த ஆண்டு 20 லட்சம் செலவழித்துப் பணி நடந்தால், பொறுப்பு 35 லட்சமாகக் குறையும். பணி நடவாமல், மழையில் கசிந்த கழிவுநீர் அயல் கிணறுகளைக் கெடுத்துவிட்டால், பொறுப்பு உயரும். ஆண்டுக்கு ஒருமுறை ஊராட்சி உறுப்பினர்கள் முன் அந்த எண் வந்து நிற்கும். தள்ளிப் போட்டதன் விலை என்ன என்பதை அவர்கள் கண்ணால் காண்பார்கள்.

விளப்பில்சாலையும் பிரம்மபுரமும்

இதே மாவட்டத்திலுள்ள விளப்பில்சாலையின் வரலாறு பலரும் அறிந்ததே. திருவனந்தபுரம் மாநகரின் குப்பையை உரமாக்கும் ஆலை 2000ஆம் ஆண்டில் அங்கு தொடங்கப்பட்டது. ஆலையால் கையாள முடிந்ததைவிட அதிகக் குப்பை வந்து குவிந்தது. கழிவுநீர் மீனம்பள்ளி ஓடையில் இறங்கியது. அந்த ஓடை கரமனை ஆற்றில் சேர்கிறது. 2011 டிசம்பரில் ஊர் மக்களும் ஊராட்சியும் ஆலையின் வாயிலை அடைத்தனர். 2012இல் காவல்துறையின் துணையுடன் திறக்க எடுத்த முயற்சிகள் மக்களின் எதிர்ப்பால் நிறைவேறவில்லை. மாநகராட்சி வேறு வழியின்றி வீட்டிலும் தெருவிலும் உரமாக்கும் முறைக்குத் திரும்பியது. குப்பை வருவது நின்றது நல்லதே. ஆயினும் ஏற்கெனவே வந்த குப்பை, பூட்டிய வாயிலுக்குப் பின்னால் அப்படியே கிடந்தது. ஆலையைக் கட்டியபோது அதன் மதிப்பு சொத்தாக எழுதப்படுகிறது. ஆலை மூடப்படும் நாளில் நிலத்தைச் செம்மை செய்ய ஆகும் செலவும் அதே நாளில் பொறுப்பாக எழுதப்பட்டிருந்தால், நகரத்தின் குப்பை எவ்வளவு ‘மலிவாக’ அகற்றப்படுகிறது என்ற கணக்கே மாறியிருக்கும்.

கொச்சி மாநகராட்சிக்குரிய பிரம்மபுரத்தில் இந்தப் பாடத்துக்கு விலை மிகுந்தது. 2023 மார்ச் 2ஆம் நாள் அங்குள்ள குப்பை மேட்டில் மூண்ட தீ, மார்ச் 13ஆம் நாள் அளவில்தான் அடங்கியது. நகரமே புகையில் மூழ்கியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு விதித்தது. மாநகராட்சி உயர் நீதிமன்றத்தை நாடியது. தீக்கு முன் பழைய குப்பையை அகற்ற ஏறத்தாழ 55 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போடப்பட்டிருந்தது. அது முறிந்தபின் செய்த புதிய ஒப்பந்தம் ஏறத்தாழ 118 கோடி ரூபாய்க்கு. குப்பையின் அளவு பற்றிய மதிப்பீடும் விலை விகிதமும் மாறியதே இதற்குக் காரணம். தொடக்கத்திலேயே அளந்து எழுதாத பொறுப்பு, பின்னால் அளக்கும்போது சிறிதாக இருப்பதில்லை.

நாடு முழுவதற்கும் பொருந்தும் ஓர் அளவுகோலைத் தீர்ப்பாயம் 2022இல் கையாண்டது. சுத்திகரிக்கப்படாத கழிவுநீர் நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டருக்கு 2 கோடி ரூபாய், பழைய குப்பை டன்னுக்கு 300 ரூபாய் என்று கணக்கிட்டுப் பல மாநிலங்களுக்குத் தொகை விதித்தது. மகாராஷ்டிரத்துக்கு விதித்தது 12,000 கோடி. தொகையைத் தனிக் கணக்கில் வைத்துத் துப்புரவுக்கே செலவிட வேண்டும் என்பது நிபந்தனை. இத்தகைய உத்தரவுகளுள் சில பின்னர் உச்ச நீதிமன்றத்தால் நிறுத்தி வைக்கப்பட்டன. எப்படியாயினும், கருவூலம் எழுதாமல் விட்ட பொறுப்பை ஒரு நீதிமன்றம் எழுத நேர்ந்தது என்பதே இதன் பொருள். விகிதம் கரடுமுரடானது என்று அரசுகள் குறை கூறலாம். தாமே அளந்து எழுதியிருந்தால் பிறர் தோராயமாக எழுத வேண்டியிருந்திராது.

காசர்கோட்டுப் பீப்பாய்கள்

கேரளத்தின் வடகோடியில் இதைவிட ஆழ்ந்த துயரம் உண்டு. காசர்கோடு மாவட்டத்தில் மாநில அரசின் தோட்டக் கழகத்துக்குச் சொந்தமான முந்திரித் தோட்டங்களில் 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000ஆம் ஆண்டு வரை என்டோசல்பான் மருந்து ஹெலிகாப்டரில் தெளிக்கப்பட்டது. பிறவிக் குறைபாடுகளும் நரம்பு நோய்களும் அப்பகுதிகளில் பெருகின. 2011இல் உச்ச நீதிமன்றம் அம்மருந்தின் உற்பத்திக்கும் விற்பனைக்கும் தடை விதித்தது. எஞ்சிய மருந்து கழகத்தின் கிடங்குகளில் இருந்தது. பழைய பீப்பாய்கள் துருப்பிடித்ததால், 2012இல் அதைப் புதிய பீப்பாய்களுக்கு மாற்றும் பணி நடந்தது. மாற்றுவதோடு பொறுப்பு தீரவில்லை. அழிக்கும் வரை காக்க வேண்டும், அழிக்கவும் பணம் வேண்டும்.

மக்களுக்குத் தர வேண்டியதும் இவ்வாறே நீண்டது. பாதிக்கப்பட்டோர் ஒவ்வொருவருக்கும் 5 லட்சம் ரூபாய் மூன்று மாதங்களுக்குள் வழங்க உச்ச நீதிமன்றம் 2017 ஜனவரியில் ஆணையிட்டது. ஐந்தாண்டுகள் கழித்து 2022இல் வழக்கு மீண்டும் வந்தபோது, 3,704 பேரில் 8 பேருக்கு மட்டுமே தொகை கிடைத்திருந்தது. நீதிமன்றம் கடுமையாகப் பேசியது. உறுதியான தொகை, உறுதியான ஆணை, உறுதியான காலக்கெடு மூன்றும் இருந்த பொறுப்பே இத்தனை காலம் காத்திருந்தது என்றால், அளவே இடப்படாத மண்ணும் நீரும் எவ்வளவு காலம் காத்திருக்கும்?

குத்தகை முடிந்து திரும்பும் நிலம்

அரசு தானே கெடுத்த நிலம் ஒருபுறமிருக்க, பிறர் கெடுத்து விட்டுச் சென்றதும் இறுதியில் அரசின் மடியில் வந்து விழுகிறது. போபால் ஆலை இதற்குக் கொடிய சான்று. 1984 டிசம்பரில் நேர்ந்த விபத்துக்குப் பின் ஆலை மூடப்பட்டது. குத்தகைக்கு விட்டிருந்த நிலத்தை 1998இல் மத்தியப் பிரதேச அரசு திரும்பப் பெற்றது. நிலத்தோடு அதிலிருந்த நச்சுக் கழிவும் வந்தது. வளாகத்தில் சேமித்து வைத்திருந்த 337 டன் கழிவு, 2025 ஜனவரித் தொடக்கத்தில்தான் பீதம்பூருக்குக் கொண்டு செல்லப்பட்டு, அவ்வாண்டின் நடுப்பகுதிக்குள் எரிக்கப்பட்டது. இதற்காக மத்திய அரசு ஒதுக்கியது 126 கோடி ரூபாய். ஆலை வளாகத்தின் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் ஊறிய நச்சு இக்கணக்கில் சேராது.

தமிழ்நாட்டிலும் இதன் சாயல் உண்டு. பாலாற்றங்கரையிலுள்ள இராணிப்பேட்டையில், மூடப்பட்ட குரோமேட் ஆலையின் வளாகத்தில் ஏறத்தாழ 1.5 லட்சம் டன் குரோமியக் கழிவு குவிந்து கிடந்தது. ஆலை உற்பத்தி செய்த ஆண்டுகள் ஏறத்தாழ இருபது. கழிவு அதைவிட நீண்ட காலம் அங்கே இருந்துவிட்டது. இலாபம் ஈட்டிய நிறுவனம் மறைந்தபின் கேள்விக்கு விடை சொல்ல எஞ்சியிருப்பது அரசு ஒன்றே.

எது பொறுப்பு, எது வெறும் ஐயம்?

ஒவ்வோர் அழுக்கையும் கடனாக எழுதிவிட முடியாது என்று கணக்கு அதிகாரிகள் சொல்வதில் நியாயம் உண்டு. பொதுத்துறைக்கான பன்னாட்டுக் கணக்கியல் தரங்களுள் பத்தொன்பதாவது இதற்கு விடை தருகிறது. கடந்த கால நிகழ்வால் இன்றே கடமை உண்டாகியிருக்க வேண்டும். பணம் செலவாகும் வாய்ப்பு, ஆகாத வாய்ப்பைவிட மிகுதியாக இருக்க வேண்டும். தொகையை நம்பத்தக்க முறையில் மதிப்பிட முடிய வேண்டும். இம்மூன்றும் பொருந்தினால் பொறுப்பு இருப்புநிலைக் குறிப்பில் ஏற வேண்டும். வாய்ப்புக் குறைவு, அல்லது தொகையை மதிப்பிட முடியவில்லை என்றால், ‘நேரக்கூடிய பொறுப்பு’ என்று அடிக்குறிப்பில் சொல்ல வேண்டும். சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும், துப்புரவு செய்வதாக அரசு தானே வெளிப்படையாக அறிவித்து மக்களும் அதை நம்பியிருந்தால், அதுவும் கடமையே.

இந்தியாவில் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2002இல் அமைத்த அரசுக் கணக்கியல் தர ஆலோசனை வாரியம் சில தரங்களை வகுத்துள்ளது. அவற்றுள் முதலாவது அரசு கொடுக்கும் உத்தரவாதங்களைப் பற்றியது. நிகழ்வு அடிப்படைக்கு மாறலாம் என்று பன்னிரண்டாவது நிதிக் குழு பரிந்துரைத்தும் இருக்கிறது. நிதிப் பொறுப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு வெளியிடும் விவரங்களில் உத்தரவாதங்கள் உண்டு, வராத வரிப் பாக்கி உண்டு. துப்புரவுப் பொறுப்புக்குத் தனிப் பத்தி இல்லை. ஒரு மின் வாரியம் வாங்கிய கடனுக்கு அரசு கொடுத்த உத்தரவாதம் கணக்கறிக்கையில் தெரிகிறது. அதே மின் நிலையத்தின் சாம்பல் குளத்தை மூடும் செலவு தெரிவதில்லை.

அமெரிக்காவில் இப்பொறுப்பு கூட்டரசின் இருப்புநிலைக் குறிப்பில் ஏறியிருக்கிறது. தொகை 50,000 கோடி டாலரைத் தாண்டும். அதன் பெரும்பங்கு அணுகுண்டுக்காகப் புளூட்டோனியம் தயாரித்த ஹான்போர்டு போன்ற இடங்களுக்கானது. எழுதியதால் மட்டும் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. எரிசக்தித் துறை 2011 முதல் 2016 வரை ஏறத்தாழ 3,500 கோடி டாலர் செலவிட்ட பின்னும், பொறுப்பு 9,000 கோடி டாலர் வளர்ந்தது. அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் 2017இல் இதைத் தேசத்தின் பேரிடர் வாய்ப்புள்ள துறைகளின் பட்டியலில் சேர்த்தது. ஆனால், வளர்கிறது என்று அங்கே சொல்ல முடிந்தது. ஏட்டில் இல்லாத எண் வளர்ந்தாலும் தேய்ந்தாலும் யாரும் அறிய வழியில்லை.

எண்ணை எழுதுவதிலும் ஒரு சூழ்ச்சி நுழையக்கூடும். இருபது ஆண்டு கழித்துச் செலவாகும் ஒரு கோடி ரூபாயை, ஆண்டுக்கு 7 சதவீதம் கழித்து இன்றைய மதிப்பாக்கினால் 26 லட்சத்துக்கும் குறைவாகிவிடும். விகிதத்தைச் சற்று உயர்த்தினால் பொறுப்பு இன்னும் சிறிதாகத் தோன்றும். கழிவுக்கு இந்தக் கணிதம் தெரியாது. ஆகவே கழிக்காத தொகையையும் பக்கத்திலேயே காட்டச் சொல்வது தணிக்கையாளருக்கு நலம்.

முன்கூட்டி வைத்த பணம்

நம் நாட்டில் நல்ல முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. அணுமின் கழகம் விற்கும் ஒவ்வொரு யூனிட் மின்சாரத்துக்கும் 2 பைசா, நிலையத்தைப் பிற்காலத்தில் கலைத்துத் துப்புரவு செய்வதற்கென்று வசூலிக்கப்படுகிறது. அத்தொகை போதுமா என்பது விவாதத்துக்குரியது. மின்சாரத்தை நுகர்பவரே துப்புரவுக்கும் பங்களிக்க வேண்டும் என்ற நெறி சரியானது. நிலக்கரிச் சுரங்கங்களுக்கு 2009 முதல் மூடுதல் திட்டம் கட்டாயமாக்கப்பட்டு, திறந்தவெளிச் சுரங்கத்துக்கு எக்டேருக்கு 6 லட்சம் ரூபாய், நிலத்தடிச் சுரங்கத்துக்கு 1 லட்சம் என்ற அடிப்படை விகிதத்தில் தனி வங்கிக் கணக்கில் பணம் கட்டும் முறை வந்தது. சுரங்கம் மூடும்போது நிறுவனம் இருக்கிறதோ இல்லையோ, பணம் இருக்கும்.

2025 ஜூலையில் மத்திய அரசு, மாசடைந்த இடங்களை மேலாண்மை செய்வதற்கான விதிகளை அறிவித்தது. ஐயத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் தெரிவிக்க வேண்டும்; மாநில வாரியம் குறித்த காலத்துக்குள் ஆராய வேண்டும்; மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும். அவரைக் கண்டறிய முடியாவிட்டால் மத்திய, மாநில அரசுகள் ஏற்கும். நாட்டில் மாசடைந்தவை என அடையாளம் காணப்பட்ட இடங்கள் 103 எனவும், சீரமைப்புத் தொடங்கியவை 7 மட்டுமே எனவும் அப்போது வெளியான தகவல்கள் கூறின. நகரக் குப்பை மேடுகளும் சுரங்கங்களும் இவ்விதிகளின் கீழ் வரவில்லை. அவற்றுக்கு வேறு சட்டங்கள் உண்டு. எனவே ஊராட்சிகளும் நகராட்சிகளும் தம் பட்டியலைத் தாமே தயாரிக்க வேண்டிய நிலை நீடிக்கிறது.

எல்லைப் பகுதிக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்தின் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் கேரள மருத்துவமனைக் கழிவுகள் கொட்டப்பட்டிருந்தன. மூன்று நாட்களில் அகற்றுமாறு தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு கேரளத்துக்கு ஆணையிட்டது. டிசம்பர் 22ஆம் நாள் லாரிகள் வந்து கழிவை ஏற்றித் திரும்பின. கழிவு தோன்றிய இடத்தின் அரசு அதற்குப் பொறுப்பு என்ற நெறி இங்கே நடைமுறையில் நிலைநாட்டப்பட்டது. கண்ணுக்குத் தெரிந்த மூட்டைகளைத் திருப்பி அனுப்புவது எளிது. ஊறிப்போன கசிவைத் திருப்பி அனுப்ப லாரி இல்லை.

ஓர் ஊராட்சியால் என்ன செய்ய முடியும்? பெருஞ்செலவு எதுவும் தேவையில்லை. கேரள ஊராட்சிகளில் ஹரித கர்ம சேனையின் பெண்கள் வார்டுதோறும் வீடு வீடாகச் சென்று நெகிழிக் கழிவைச் சேகரிக்கின்றனர். எந்த ஓடையோரத்தில் பழைய குப்பை புதைந்துள்ளது, எந்தக் குவாரிப் பள்ளத்தில் இரவில் வண்டி வந்து நிற்கிறது என்பதை அலுவலகத்தைவிட அவர்கள் நன்கு அறிவர். அவர்கள் சொல்லும் இடங்களை ஒரு பதிவேட்டில் வரிசைப்படுத்தலாம். நிலம் யாருடையது, கழிவு யாருடையது, ஏறத்தாழ எத்தனை டன், அருகிலுள்ள கிணறு எவ்வளவு தூரம், அகற்ற மதிப்பீடு என்ன என்று ஐந்து பத்திகள் போதும். ஊராட்சிப் பொறியாளர் மதிப்பீட்டை இடலாம், செயலாளர் கையொப்பமிடலாம். உரிமை உறுதியானவை இருப்புநிலைக் குறிப்பின் பொறுப்புப் பக்கத்துக்குச் செல்லும். வழக்கிலுள்ளவையும் ஐயத்துக்குரியவையும் அடிக்குறிப்பில் நிற்கும். சரிந்த நெய்யாற்றங்கரைக்கும் அதே பதிவேட்டில் ஒரு வரி உண்டு. மாவட்ட ஆட்சியரின் ஆற்று மேலாண்மை நிதியிலிருந்து தொகை கேட்கும்போது அந்த வரியே மனுவின் முதல் இணைப்பாகும். மார்ச் 31ஆம் நாள் கணக்கு முடித்தபின், ஆண்டு நிதி அறிக்கையோடு இப்பதிவேடும் கிராம சபைக்கும் மாநிலத் தணிக்கைத் துறைக்கும் செல்லும்.